வாழைக்குலைக்கும் குறைவாய்ப் போன லேப்டாப்

1

நாலு வருஷமாக இதை எழுத உட்காருகிறேன், எழுந்து போய்விடுகிறேன். ஒரு தடவை பாதி எழுதி வைத்திருந்த தாளை என் அறையில் கூட இருக்கிற ஆள் பொரித்த மீன் பொதிய எடுத்துவிட்டான். அது ஆண்டவருடைய சித்தம் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் அதை ஆண்டவர் தலையில் வைக்கிறது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

இருப்பது மஸ்கட்டில். ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. வந்து பதினாறு வருஷம். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்ப அறை. வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு ஜெபக்கூட்டம், துணி துவைப்பு, வீட்டுக்கு ஒரு போன். இதைத்தான் நம் ஊரில் கல்ஃப் வாழ்க்கை என்று பெருமூச்சு விட்டுச் சொல்கிறார்கள்.

இங்கே அடையாள அட்டைக்கு ஒரு குலப்பெயர் வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்று இல்லை என்றேன். குலம் இல்லாத மனுஷன் உண்டா என்று ஆபீசர் கேட்டு, பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஊர்ப்பெயரை எடுத்து அந்த இடத்தில் எழுதிவிட்டார். அன்று முதல் நான் ஞானதாஸ் பாறசாலை. மாற்றுவதற்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் உடைந்த இந்தியில், "பாறசாலைக்காரர்கள் நல்ல ஆட்களாகத்தான் இருப்பார்கள், விட்டுவிடு" என்றார். பாவம், அவருக்கு எங்களைத் தெரியாது.

அரபியில் நான் படித்ததும் ஸ்டோருக்கு வேண்டியது மட்டும்தான்: கொண்டுவா, எடுத்துப் போ, நாளைக்கு, தீர்ந்துபோனது. தீர்ந்ததற்கு 'கலாஸ்' என்பார்கள். ஒரு லீவில் ஊர்க்கோவிலில் என்னை ஜெபம் பண்ணச் சொன்னபோது, ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் கலாஸ் என்று முடித்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, அது ஏதோ பரலோக பாஷை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் சபை எதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

2

தொண்ணூற்றைந்தில் எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்த்த வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பினார். போகும்போது தன்னுடைய சின்ன லேப்டாப்பை எனக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். லேப்டாப் என்றால் மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர். நம் வீடுகளில் இருக்கிற பெரிய எழுத்து வேதாகமத்தின் அளவு இருக்கும். மூன்று மாதம் அதில் போல்ட்டு, நட்டுக் கணக்கை இரண்டு விரலால் குத்திப் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். எனக்குப் பென்சில் போதும் என்று மூடி வைத்துவிட்டேன். புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஊரில் அப்போது சந்திப்புக்குச் சந்திப்பு கம்ப்யூட்டர் சென்டர் என்று போர்டு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். நல்ல விலை போகும் என்றார்கள். லீவுக்கு வரும்போது கொண்டுவந்தேன்.

அந்த லீவில்தான் வீடு மாறினோம். குன்னத்துகாலில் அண்ணன் தம்பிமார் ஒன்றாய் இருந்த வீட்டை விட்டு, உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகிற சரிவில் கட்டின புது வீட்டுக்கு. வீடு நன்றாய் வந்தது. மொட்டைமாடி, முன்னால் இரண்டு தூண், தூணில் சிமெண்டில் திராட்சைக்குலை, எங்கள் பேச்சில் முந்திரிக்குலை. கல்ஃப்காரன் வீடு என்று ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியவேண்டும் அல்லவா. கிணறுதான் வரவில்லை. முப்பது அடியில் பாறை.

கிணறு வெட்டின ஆள் மேலே ஏறிவந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அண்ணே, இனி மம்பட்டிக்க வேல இல்ல. வெடி வச்சாத்தான் வெள்ளம். இல்லெங்கி இத மூடி மேல ரெண்டு வாழ வையுங்க."

வெடி வைக்கக் கையில் ஒன்றும் இல்லை. எல்லாம் தூணில் முந்திரிக்குலையாய்த் தொங்கியது. அந்தக் குலைக்குச் செலவழித்ததில் பாதி இருந்தால் தண்ணீர் கண்டிருக்கலாம் என்று லீலாபாய் சொன்னாள். லீலாபாய் என் மனைவி. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால்தான் நான் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஆகவே லேப்டாப்பை விற்று வெடி வைப்பது என்று முடிவு பண்ணினோம். லீவில் மிச்சம் பதினேழு நாள். அதற்குள் தண்ணீர் கண்டுவிட்டுப் போகவேண்டும். போனால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் லீலாபாயும், எட்டாம் வகுப்பில் படித்த எங்கள் ஒரே மகள் ஷீபாவும், ரோட்டைக் கடந்து, சரிவு இறங்கி, சுலோசனா வீட்டுக் கிணற்றில்தான் கோரிச் சுமக்கவேண்டும். சுலோசனா தங்கமான பெண். தண்ணீர் தருவாள், கூடவே வார்த்தையும் தருவாள்.

"கோருங்கக்கா, எவ்வளவு வேணும்னாலும் கோருங்க. அண்ணன் இருக்க நாட்டுல பூமிய தொட்டா எண்ணெ பீச்சுதாம். இஞ்ச ஒரு கொடம் வெள்ளம் வரல்லியா?"

லீலாபாய் சிரித்துக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். வீட்டுக்கு வந்து அந்தக் குடத்தை வைக்கிற சத்தத்தில் எனக்குத் தெரியும், எவ்வளவு சிரித்தாள் என்று.

3

வாங்க வந்தது ஸ்டான்லி சார். பாறசாலையில் டுட்டோரியல் காலேஜ் நடத்துகிறவர், எங்கள் சபைதான். பெட்டி கட்டிக்கொண்டிருந்த பழைய வீட்டுக்கே வந்தார். சந்தையில் கத்தரிக்காயை அமுக்குவதுபோல் ஒவ்வொரு கட்டையாய் அமுக்கிப் பார்த்தார்.

"உபயோகிச்சதுதானே, அண்ணே?"

"மூணு மாசம். அதும் ரெண்டு வெரலு."

"ரெண்டு வெரலானாலும் உபயோகம் உபயோகமில்லியா?"

அடுக்களையிலிருந்து லீலாபாயின் குரல் வந்தது: "சாரே, நீங்க கெட்டியிருக்க வாச்ச எத்தன வருஷமா பாக்கிதிய? அதுக்காவ அது காட்டுத மணி பழசாயிட்டா?"

ஸ்டான்லி சார் சிரித்துத் தோற்றார். பதினெட்டாயிரத்துக்கு வாக்குப் பேசினோம். "திங்களாழ்ச்ச புது வீட்டுக்கு வாறேன், ரூவாயோட" என்று கை கொடுத்துவிட்டுப் போனார். கிணறு வெட்டுகிற ஆளிடம், செவ்வாய்க்கிழமை வெடிக்காரனைக் கூட்டிவரச் சொல்லிவிட்டேன்.

அத்தோடு நான் சும்மா இருந்திருந்தால் இதை எழுத ஒன்றும் இல்லை.

4

எங்கள் பக்கத்துச் சபைகளில் முதற்பலன் பண்டிகை என்று ஒன்று உண்டு. வீட்டில் விளைந்ததில் முதலானதை, குலையோ மரச்சீனிக் கிழங்கோ தேங்காயோ கோழியோ, ஆண்டவருக்கென்று கொடுக்கவேண்டும். சனிக்கிழமை ஜீப் வந்து வீடு வீடாய் எடுத்துப் போகும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஏலம். எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இதில் உண்டு. வெள்ளைத்துணி விரித்த மேசையில் வைத்து, போதகர் ஜெபம் பண்ணிவிட்டால், அது பிறகு வீட்டுப் பொருள் இல்லை. திருப்பி எடுக்கக் கூடாது. வேண்டுமென்றால் கொடுத்தவனே ஏலத்தில் கை தூக்கி வாங்கிக்கொள்ளலாம். முட்டையிடுகிற கோழியைக் கொடுத்துவிட்டு மனம் பொறுக்காதவர்கள் அப்படித்தான் மீட்டுக் கொண்டுபோவார்கள். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. கோவிலுக்கும் ரூபாய், கோழிக்கும் பழைய கூடு.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் புது வீட்டு ஜெபமும் வந்தது. ஒரே வேலையாய் முடியட்டும் என்று போதகரே சொன்னார். முன்னறையில் மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்து, ஒரு ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனி, நாலு தேங்காய், காலைக் கட்டின ஒரு கோழி என்று வைத்தோம். எனக்கு ஒரு பயம். திங்கட்கிழமைக்குள் ஸ்டான்லி சார் மனம் மாறிவிட்டால்? ஜெபத்தில் வைத்த பொருளுக்குத் தடை வராது என்று என் மனதில் தோன்றியது. லேப்டாப்பை எடுத்துவந்து கோழிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

லீலாபாய் கண்டுவிட்டாள். "அத எதுக்கு அங்க கொண்டு வைக்குதிய?"

"ஜெபத்துக்காக்கும்."

"அடுக்களையில இருந்தா ஆண்டவரு காணமாட்டாராக்கும்?"

"நீ போய் கறியப் பாரு."

அவள் போய்க் கறியைப் பார்த்தாள். போதகர் மலையாளத்தில் நீண்ட ஜெபம் பண்ணினார். எங்கள் சபையில் ஜெபமும் பாட்டும் மலையாளம், சண்டை மட்டும் தமிழ். ஜெபம் முடிந்ததும் அப்பமும் கோழிக்கறியும். ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் புது வீட்டுக்காரனாய், கல்ஃப்காரனாய், ஒவ்வொருவர் இலைக்கும் குனிந்து "இன்னும் கொஞ்சம்" என்று நடந்துகொண்டிருந்தேன். வெளியே ஜீப் வந்ததும் போனதும் காதில் விழுந்தது. அது தன் வேலையைச் செய்கிறது என்று நினைத்தேன். செய்துதான் போயிருக்கிறது.

எல்லாரும் போன பிறகு லீலாபாய் ஈரக்கையோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். துணிகூட இல்லை.

"இஞ்ச பாருங்க. கம்ப்யூட்டர் பெட்டி எங்க?"

"நீ எடுத்து வைக்கல்லியா?"

"நான் எதுக்கு எடுக்கேன்? ஜெபத்துக்கு வச்சது நீங்க."

போதகர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனேன். பிற்பகல் நாலு மணி இருக்கும். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்: ஐயா, அது காணிக்கை இல்லை, ஜெபத்துக்கு மட்டும் வைத்தது. எளிதான வாக்கியம். எட்டாம் வகுப்பு போதும்.

கேட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே போதகர் இறங்கிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "பிரதர் ஞானதாஸ், எல்லாரும் தேங்காயும் குலையும் தரும்போ நீங்க உங்க கையில உள்ளதுல நல்லதத் தந்தீங்க. இருபது வருஷமா நான் இதுபோல ஒரு காணிக்க கண்டதில்ல."

பக்கத்தில் சபை செக்ரட்டரி வில்சன் தலையை ஆட்டினான். "உங்கள சம்மதிக்கணும் அண்ணே, பெரிய மனசு. நமக்கொக்க ஒரு தேங்கா குடுக்கதுக்கே கை நடுங்குது."

நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் அவரு தந்ததுதானே" என்று வந்தது. வாய் என்னுடையதுதான், வேறு யார் மேலும் பழி போட வழி இல்லை.

வீட்டுக்கு வந்து லீலாபாயிடம் சொன்னேன்: "நாளைக்கு லேலத்துல நானே விளிச்சு எடுக்கேன். ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு மேல போவாது. இங்க உள்ளவனுக்கு அது என்னதுன்னே தெரியாது."

"எடுத்துருவிய இல்லியா?"

"எடுப்பேன்."

"கை தூக்கத் தெரியுமில்லியா?" என்று கேட்டாள். பரிகாசமாய்த்தான் கேட்டாள்.

5

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் போதகர் நிறுத்தி, என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். இந்தச் சகோதரன் தான் கொடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். எங்கள் கோவிலில் கை தட்டுகிற வழக்கம் இல்லை. அன்றைக்குத் தட்டினார்கள். பன்னிரண்டு வருஷமாய் லீவுக்கு வந்து சோப்பும் சென்டும் பங்கு வைத்தபோது என்னைப் பார்த்த பார்வை வேறு, அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு. சொல்ல வெட்கமாய் இருக்கிறது, எனக்கு அது ருசித்தது. உட்காரலாம் என்று அவர் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தேன்.

முற்றத்தில் ஏலம் தொடங்கியது. ஏலம் கூப்பிட்டது டென்னிசன் என்று ஒரு மர வியாபாரி. வாய்க்குப் பூட்டு இல்லாதவன். கோழிகளை முடித்துவிட்டு எங்கள் வாழைக்குலையைத் தூக்கினான். அப்போது சபையில் ஒரு மச்சானும் மச்சினனும் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இருநூறு என்றால் மற்றவன் முந்நூறு. கோர்ட்டில் தீராததைக் குலையில் தீர்த்தார்கள். ஆயிரத்து நூறில் மச்சினன் ஜெயித்து, அந்தக் குலையைத் தோளில் வைத்து நெப்போலியன் மாதிரி நின்றான்.

பிறகு லேப்டாப் வந்தது.

"இனி வாறது கல்ஃப் சாமானம்! மெதுவா பிடியுங்கலே, பாலு குடிக்கித பிள்ளயப் பிடிச்ச மாதிரி."

ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எலே டென்னிசா, இதுல ரொட்டி சுடுததா?"

"ரொட்டி இல்ல மாமா, கணக்காக்கும். போடுத கணக்கு தப்பாது."

"அப்பொ சபைக் கமிட்டிக்கு விக்காத, மக்கா. அவனுவளுக்கு ஒத்துவராது!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு. யாரோ விளையாட்டாய் இருநூறு என்றார்கள். ஸ்டான்லி சார் ஐநூறு என்றார். பின்னாலிருந்து ஒருவன் அறுநூறு. ஸ்டான்லி சார் எண்ணூறு. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பதினெட்டாயிரத்துக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கின மனுஷர், எண்ணூறு சொல்லிவிட்டுத் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய படிப்பாளி. செருப்பில் என்ன எழுதியிருந்ததோ.

பெண்கள் பலாமரத்தடியில் நின்றார்கள். லீலாபாய் அங்கே இருந்து கையை உயர்த்தி, எனக்கு நேராய், தூக்குங்கள் என்று காட்டினாள்.

"எண்ணூறு, ஒரு தரம்!"

திரும்பவும் காட்டினாள். இந்தத் தடவை ஷீபாவின் தலைக்கு மேலாய், முழுக்கையும் நீட்டி. நான் மணிக்கூண்டைப் பார்த்தேன். அதில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று எண்ணினேன்.

"ரெண்டு தரம்! ஞானதாஸ் அண்ணே, நீங்க ஒண்ணும் விளிக்கல்லியா?"

கேட்பது வழக்கம்தான். கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்பார்கள். ஆயிரம் என்று சொன்னால் போதும். நாலு எழுத்து. நான் சிரித்துத் தலையை ஆட்டினேன்.

"திரும்பிப் பாக்காம குடுத்த ஆளாக்கும்! மூணு தரம்!"

மறுபடி கை தட்டினார்கள்.

6

வீட்டுக்குப் போகிற வழியில் லீலாபாய் கேட்டாள்: "நான் கையக் காட்டினது நீங்க காணல்லியா?"

"காணல்ல."

"நேரே எனக்க பக்கம் நோக்கியில்லியா நின்னிய?"

"வெயிலு கண்ணுல அடிச்சு."

அவள் வானத்தைப் பார்த்தாள். கும்பம் என்கிற மாசி மாதத்து வெயில், பதினொன்றரை மணி. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, யார் கண்ணிலும் அடிக்கிற இடத்தில் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டான்லி சார் சொன்ன நேரத்துக்குப் புது வீட்டுக்கு வந்தார். ரூபாயோடு அல்ல.

"அண்ணே, அதுக்கு சார்ஜ் செய்யுத வயரு ஒண்ணு உண்டுமே. அது ஜீப்புல வந்து சேரல்ல."

லீலாபாய் கதவை மறித்து நின்றாள். "வயர நாங்க காணிக்க வைக்கல்ல சார். அது விலைக்காக்கும்."

"அது இல்லாம பெட்டி ஓடாதே."

"அதனாலதான் விலைக்கு."

அவள் சாமர்த்தியத்தில் அன்றைக்குப் பாதி வெடிக்காவது வழி பிறந்திருக்கும். உள்ளே இருந்து எழுந்துவந்து, "வெறுதே குடுத்துவிடு, ஆண்டவருக்குக் குடுத்ததுல பாதி வைக்கக் கூடாது" என்றேன். தாராளம் என்கிற வியாதி ஒரு நாளில் இறங்குவதில்லை. அவள் வயரைச் சுற்றி அவர் கையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த வெடிக்காரனைத் தேயிலைத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். மிச்ச நாள் முடிந்ததும் நான் விமானம் ஏறிவிட்டேன்.

இரண்டு வேனல்காலம் அவள் தண்ணீர் சுமந்தாள். சித்திரையில் சுலோசனா வீட்டுக் கிணறும் வற்றியபோது, அதற்கும் அப்பால் வயல்கரைக் கிணற்றுக்குப் போனார்கள். ஷீபா காலையில் இரண்டு குடம் எடுத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், பிந்திப் போனதற்கு அங்கே வெளியே நிற்பாள். லீலாபாய் கடிதத்தில் இதைக் குறையாய் எழுதவில்லை. மழை பெய்தது, மாடு ஈன்றது என்பதுபோல் எழுதினாள். அடுத்த லீவில் நான் வெடி வைத்தேன். இரண்டாம் வெடியில் தண்ணீர் வந்தது. ஆனால் லீலாபாயின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் உயரவில்லை. தலை வாரக் குனிந்து கொடுப்பாள், ஷீபா வாரிவிடுவாள்.

7

மூன்று வாரத்துக்கு முன்னால், இங்கே வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ஊரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் மைக். தென் கேரளத்தில் ஒரு எளிய சகோதரன் உண்டு என்று தொடங்கினார். தனக்கு இருந்த ஒரே கம்ப்யூட்டரை ஆண்டவருக்குக் கொடுத்தான். அவன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இல்லை, பாறை. "அன்பானவர்களே, ஒரு வெடி வைக்கவில்லை. அன்று ராத்திரி அந்தப் பாறை தானாய்ப் பிளந்தது!"

எனக்குப் பக்கத்தில் இருந்த டிரைவர் விம்மி விம்மி அழுதான். அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். குடத்தில் இருந்த கடைசித் தண்ணீரில் நான் கால் கழுவினேன். அதற்கு லீலாபாயிடம் ஏச்சு வாங்கினேன். வேறு ஒன்றும் பிளக்கவில்லை.

எழுந்து சொல்லியிருக்கலாம். எல்லாரும் பாட்டுக்கு எழுந்தபோது நானும் எழுந்தேன், பாடினேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணி லீலாபாயிடம் சொன்னேன். அவள் இருமல் வருகிறவரை சிரித்தாள். "பாறை தன்னால பிளந்துதாக்கும்? பின்ன எனக்க தோளு எதுக்கு பிளந்து? அந்தப் பிரசங்கியார ஒரு நாள் இங்கோட்டு அனுப்புங்க, ரெண்டு கொடம் குடுத்துவிடுதேன்."

பிறகு ஷீபா போனை வாங்கினாள். இப்போது காலேஜில் பிரீடிகிரி படிக்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. படித்தது எல்லாம் மலையாளம். எனக்குக் கடிதம் எழுதுவது இங்கிலீஷில். அதை இங்கே ஒரு பையனிடம் கொடுத்து வாசித்துக் கேட்கிறேன்.

"அப்பா, இது இப்பமா கேட்டிய? எங்க யூத் கேம்பிலயும் அந்தக் கத பறஞ்சாவ. அந்த சகோதரனுக்க மகள் இவளாக்கும்ணு என்ன எழுப்பி நிறுத்தினாவ. எல்லாரும் கை தட்டி!"

"நீ வெள்ளம் சொமந்தத பறஞ்சியா, மக்கா?"

"அதொக்க ஆரு கேக்கா, அப்பா? அதச் சொன்னா கத கெட்டுப்போவும்."

"நீ எவ்வளவு நேரம் எழும்பி நின்ன?"

"அவிய இருக்கச் சொன்ன பெறவும் கொஞ்ச நேரம் நின்னேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பெண். அப்பா பிள்ளை.

திரும்பவும் லீலாபாயிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவளிடம் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. கார்டில் காசு இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. "செரி, வைக்கட்டா?" என்றேன். வைத்துவிட்டேன்.

8

அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும். லீலாபாய் தமிழ் வாசிப்பாள். ஷீபாவுக்கு வாசித்துக் காட்டவேண்டியதும் அவள்தான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் ஒரு கதை கைமாறினால் வண்ணம் பூசாமல் விடமாட்டார்கள். இதை நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், மலையாளத்தில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி, இருக்கிறபடியே சொல்லுங்கள். பாறையைப் பிளக்க வேண்டாம். என்னை நல்லவனாக்க வேண்டாம். வெயில் என்று நான் சொன்ன சமாதானத்தையும் எனக்காகச் சேர்க்க வேண்டாம். லேப்டாப் எண்ணூறுக்குப் போனது, வாழைக்குலை ஆயிரத்து நூறுக்குப் போனது. லீலாபாய் பலாமரத்தடியில் நின்று இரண்டு தடவை கை காட்டினாள்.

இரண்டு தடவையும் நான் கண்டேன்.